ஐஸ் வேர்க்கும்வரை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. சோறு வேகும் நேரத்துக்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. காரைக்குடியில் வீடு, திருப்பத்தூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்குக் கீழே என் பொறுப்பில் ஐந்து ஊர்கள். ஸ்கூட்டி ஓடிக்கொண்டே இருந்தால்தான் எனக்கு மூச்சே வரும். "நர்ஸம்மா வந்தாக, ஊசியப் போட்டாக, வண்டியக் கெளப்பிட்டாக" என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவளையும் நாலு ஐஸ் கட்டிக்கு முன்னால் உட்காரவைத்த மனிதர் ஒருவர் உண்டு. எங்கள் நிலையத்தின் மருந்தாளுநர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், இரண்டு வருடம் முன்பு மாற்றலாகி வந்தவர். குரல் உயராது. நடை வேகம் கூடாது. அவசரமாக ஓடிவந்து ஏதாவது கேட்டால், கேட்டது முழுவதும் காதுக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் முகத்தைத் தூக்குவார். முதல் ஆறு மாதம் அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊர்களுக்கு மருந்து கொண்டுபோக நீல நிறத்தில் தூக்குப்பிடி வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. அதன் நான்கு சுவர்களிலும் சுவருக்கொன்றாக நான்கு ஐஸ் பேக் செருகவேண்டும். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, டீப் ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்தவை. நடுவில் மருந்துக் குப்பிகள். வேலை அவ்வளவுதான், ஐந்து நிமிடத்தில் முடியும். இவர் அதை முக்கால் மணி நேரம் செய்வார்.

காலையில் ஃப்ரீசரைத் திறந்து நான்கு பேக்குகளையும் மேசையில் இடைவெளி விட்டு வரிசையாகப் பரப்புவார். பிறகு தன்பாட்டுக்கு மாத்திரை எண்ணப் போய்விடுவார். பேக்கின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனி மெல்ல மறையும். அப்புறம் முத்து முத்தாக நீர் கோக்கும். அதற்கு எங்கள் துறையில் 'ஐஸ் வேர்க்கிறது' என்று பெயர். வேர்த்தாலும் விடமாட்டார். சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் சளக் என்றால்தான் பெட்டிக்குள் போகும். நாலில் ஒன்று சளக் என்னாவிட்டாலும் மறுபடி மேசைக்கு.

"தம்பி, என்ன சொல்லுது? முத்துன காயா, எளங்காயா?" என்று நான் கேலி செய்வேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "இன்னும் பேச ஆரம்பிக்கலக்கா" என்பார்.

விதி எனக்குத் தெரியாமல் இல்லை. பயிற்சியில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள். கல்லாக உறைந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே எங்கேயோ இருக்கும். அதன் பக்கத்தில் வைத்தால் மருந்தே உறைந்துபோகும். சில மருந்துகள் ஒரு தடவை உறைந்துவிட்டால் அப்புறம் வெறும் தண்ணீருக்குச் சமம். எல்லாம் கேட்டதுதான், எழுதி வைத்ததுதான். ஆனால் மனசில் இறங்கவில்லை. எங்கள் சீமையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கெடுதி என்றால் அது வெயிலிலிருந்துதான் வரும். பால் திரிவது வெயிலால், குழம்பு ஊசுவது வெயிலால், கொத்தமல்லி வாடுவது வெயிலால். குளிர் எதையாவது கெடுக்கும் என்று சொன்னால் தலை ஆட்டுவோமே தவிர, கை நம்பாது. கூடக் கொஞ்சம் குளிராக இருந்தால் நல்லதுதானே என்றுதான் கை நினைக்கும்.

அந்தச் சித்திரை மாதப் புதன்கிழமை எனக்கு ஒரு முக்கியமான வீடு இருந்தது. நான்கு மாதப் பெண் குழந்தை, பிறந்தபோது போட்டதோடு சரி, அதற்கப்புறம் ஒரு ஊசியும் இல்லை. குழந்தையின் அப்பா வெளிநாட்டில். வீட்டில் முடிவெடுப்பவர் தாத்தா. ஐந்தாறு ஏக்கர் வைத்து விவசாயம் பார்க்கிறவர். மூன்று வருடம் முன்பு அவருடைய மூத்த பேரனுக்கு நான்தான் ஊசி போட்டேன். அன்று சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்திருக்கிறது. பதறிப்போய் ஆட்டோ பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அதோடு அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடிவிட்டது. மூத்தவனுக்கு அடுத்த தவணை எதுவும் போடவில்லை. சின்னதுக்காக நான் ஏழு தடவை போனேன். காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அது நல்லதுதான் என்று விதவிதமாக விளக்கினேன். மோர் கொடுத்து உபசரித்து, "பாப்போம் நர்ஸம்மா" என்று அனுப்பிவைத்தார். எட்டாவது தடவைதான், "சரி, இந்த புதன்கிழம கூட்டியாரோம். ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சிரணும்" என்றார். புதன்கிழமை ராகு காலம் பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். அதற்குள் முடிப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கே வெயில் முகத்தில் அறைந்தது. நிலையத்துக்குப் போனபோது மேசையில் நான்கு ஐஸ் பேக்கும் வேர்த்துக்கொண்டிருந்தன. மருந்தாளுநர் உள்ளே சீட்டு வாங்கி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பேக்கைத் தொட்டேன். விரல் நனைந்தது. இப்போதே உருக ஆரம்பித்துவிட்ட ஐஸை எடுத்துக்கொண்டு இந்த வெயிலில் எத்தனை கிலோமீட்டர் போவது? போய்ச் சேருவதற்குள் வெந்நீராகிவிடாதா? இத்தனை நாள் அலைந்து சம்மதிக்கவைத்த குழந்தை. நல்ல மருந்தாகப் போடவேண்டும் என்றுதான் அதைச் செய்தேன், சத்தியமாக. வேர்த்த நான்கையும் ஃப்ரீசருக்குள் திருப்பி வைத்தேன். கையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கல்லாக உறைந்திருந்த வேறு நான்கை எடுத்துப் பெட்டியில் செருகினேன். குப்பிகளை வைத்து மூடினேன். "தம்பி, எடுத்துக்கிட்டேன், வாரேன்" என்று வாசலிலிருந்தே கத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஊரில் துணை சுகாதார நிலையம் என்பது ஒரு அறையும் முன்னால் ஒரு வராந்தாவும். பத்து மணி வாக்கில் அவர்கள் வந்தார்கள். தாத்தா முன்னால், பின்னால் மருமகள், தோளில் குழந்தை. நல்ல கொழுகொழுவென்று இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தும் வைத்தது. எடை போட்டேன், அட்டையில் எழுதினேன். பெட்டியைத் திறந்து குப்பிகள் இருந்த பாலிதீன் உறையை எடுக்கப் போனால் வரவில்லை. ஐஸ் பேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். சரக்கென்று பிய்ந்து வந்தது.

ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடும் அந்த ஊசி மருந்துதான் சுவரை ஒட்டி இருந்தது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வழக்கமான பால் வெள்ளை. அடியில் மட்டும் மெல்லிசாக ஏதோ மின்னியது மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் திரும்பப் பார்த்தபோது இல்லை. ஐஸ் இழையா, வெயிலின் மினுக்கா, என் பிரமையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஒரு நிமிடத்தை நான் மறைக்க விரும்பவில்லை. போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உறைந்த மருந்து குழந்தையைக் கொல்லாது. குழந்தை அழும், அட்டையில் தேதி ஏறும், தாத்தா நிம்மதியாக வீட்டுக்குப் போவார். காப்பு மட்டும் இருக்காது. அது யாருக்குத் தெரியப் போகிறது? போடவில்லை என்று சொன்னாலோ இவர்கள் இந்த வராந்தாவை இனி மிதிக்கப்போவதில்லை. எட்டு நடை வீண். ஊசியில் மருந்து ஏற்றக் கை தயாராகத்தான் இருந்தது. பிறகு அந்தக் குழந்தையின் தொடையைப் பார்த்தேன். என் மீதே எனக்கு அருவருப்பு வந்தது. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

மருந்தாளுநர் முழுவதும் கேட்டார். பிறகு, "அக்கா, வைக்கும்போது ஆட்டிப் பாத்தீகளா? தண்ணிச் சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

"இல்ல தம்பி" என்றேன்.

"அப்ப போடாதீக. நான் வேற மருந்து எடுத்துக்கிட்டு வாரேன்."

ஒரு திட்டு இல்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற கேள்விகூட இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

வெளியே வந்து தாத்தாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். "அண்ணே, தப்பு எம்மேல. பெட்டிக்குள்ள ஐஸை வைக்க வேண்டிய மாதிரி வைக்கல. மருந்து ஒறஞ்சு போச்சோன்னு சந்தேகமா இருக்கு. ஒறஞ்ச மருந்தப் போட்டா பிள்ளைக்கிக் கெடுதல் இல்ல, ஆனா பிரயோசனமும் இல்ல. வேற மருந்து வருது. கொஞ்சம் இருங்க" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "வேணாம் வேணாம்னு சொன்ன ஆள இழுத்துக்கிட்டு வந்து உக்கார வச்சுப்புட்டு, இப்ப மருந்து சரியில்லங்கிறீகளா?" என்றார். எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்த் துண்டை உதறினார். திரும்பி வந்து, "பன்னெண்டுக்குள்ள வரணும். ராகு காலத்துல பிள்ள மேல ஊசி படக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றே கால் ஆயிற்று. வண்டிச் சத்தம் இல்லை. போன் போட்டேன். கவுன்ட்டரில் ஆளை மாற்றிவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு, இப்போதுதான் பேக்குகளை வெளியே எடுத்து வைத்திருக்கிறாராம்.

"இன்னும் வேர்க்கலக்கா" என்றார்.

"எந்த நேரத்துல எதச் சொல்றீக தம்பி? இங்க ஆளு எந்திரிச்சுப் போயிருவாரு. அப்படியே தூக்கிட்டு வாங்க."

"அப்படியே தூக்கிட்டு வந்தா நீங்க கொண்டுபோனதையே போட்டிருக்கலாமேக்கா."

வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்குப் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். அந்த மனிதர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது என்பதுதான் கோபத்தின் காரணம்.

அவர் வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு பத்து.

தாத்தா அதற்கு முன்பே எழுந்து செருப்பை மாட்டியிருந்தார். மருந்தாளுநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பெட்டியை நிழலில் வைத்தார். ராகு காலம் என்று நான் முணுமுணுத்தேன். நியாயமாகப் பார்த்தால் படித்த மனிதர், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று வாதாடியிருக்கலாம். அவரோ, "சரிங்கய்யா, ஒண்ணரைக்கே போடுவோம். இது தாங்கும்" என்றார். "ஒண்ணரை வரைக்கும் இந்த வெயில்லயா?" என்றேன் நான். "சாயங்காலம் வரைக்குமே தாங்கும்க்கா, மூடியத் தெறக்காம இருந்தா" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தாத்தா படியிறங்கினார். "வாத்தா, போவோம்" என்று மருமகளைக் கூப்பிட்டார். என் எட்டு நடையும் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டு, எழுந்திருக்காமலே சொன்னாள். "இருப்போம் மாமா. பெரியவனுக்கு யாரும் ஒண்ணுஞ் சொல்லல. போட்டாக, போயிட்டாக. காய்ச்சல் வரும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாம ஏன் அப்படிக் கெடந்து துடிச்சிருக்கப் போறோம்? இன்னைக்கு இவுக தன் தப்பையே சொல்லிட்டு உக்காந்திருக்காக. இருந்து போட்டுக்கிட்டுப் போவோம்."

யாரும் சொல்லவில்லை என்று அவள் சொன்ன அந்த யாரும் நான்தான். மூன்று வருடம் முன்பு அதே வராந்தாவில் ஊசி போட்டுவிட்டு, காய்ச்சல் வரும், இந்தச் சொட்டு மருந்தைக் கொடுங்கள், பயப்படாதீர்கள் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்காமல், அரை மணி நேரம் இருந்து பார்க்கச் சொல்லாமல், அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பியவள். அவர்களுக்குக் காய்ச்சல்மேல் கோபம் என்று நினைத்து ஏழு தடவை காய்ச்சலுக்காக வாதாடியிருக்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அட்டையை எடுத்துப் புரட்டினேன்.

தாத்தா படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

அந்த ஒன்றேகால் மணி நேரம் நாங்கள் ஐந்து பேரும் ஒரு நீலப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வெளியே தார் உருகும் வெயில். விவசாயிக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. "ஐஸு கல்லா இருந்தா மருந்து ஒறையும்கிறீக. உருகுனா குளிர் நிக்காதேய்யா? அது எப்படித் தாங்கும்?" என்று தாத்தா கேட்டார்.

மருந்தாளுநர் மெதுவாகச் சொன்னார். "கல்லா இருக்கிற ஐஸு பூஜ்ஜியத்துக்கும் ரொம்பக் கீழ இருக்கும்யா. அது வெளிய இருந்து சூட்ட வாங்கி வாங்கி பூஜ்ஜியத்துக்கு ஏறி வரும். வந்து உருக ஆரம்பிச்சிட்டா, அங்குட்டு நகராது. எவ்வளவு சூடு உள்ள வந்தாலும் வாங்கிக்கிட்டே இருக்கும், கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணியாகும், ஆனா சூடு மட்டும் ஏறாது. கடைசித் துண்டு கரையிற வரைக்கும் அதே பூஜ்ஜியம்தான். அந்தச் சளக்குச் சத்தம் கேட்டா, அது அந்த எடத்துக்கு வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம். மருந்த ஒறைய வைக்கவும் செய்யாது, கெட விடவும் செய்யாது."

பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று நானும் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். இட்லிச் சட்டி ஆவி கையில் பட்டு, கொதிநீர் பட்டதைவிடக் கொடுமையாகப் புண்ணானபோது, தண்ணீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட சூட்டையெல்லாம் அது என் கையில் இறக்கிவிட்டுப் போகிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வேகும் சோற்றை அவசரப்படுத்த அடுப்பைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன்; கொதிக்கிற தண்ணீர் அதற்குமேல் சூடாகாமல் ஆவியாகத்தான் போகும் என்று தெரிந்தும். அந்த வராந்தாவில்தான் முதல்முறையாக எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது. எங்கள் ஊர் வெயில் முழுபலத்தோடு அந்தப் பெட்டியைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே நான்கு துண்டு ஐஸ் அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஒரு டிகிரிகூட அசையாமல் கரைந்துகொண்டிருக்கிறது. நான் உருகிப்போகிறது என்று பயந்தேனே, அந்த உருகல்தான் காவல். அந்த மேசையிலிருந்து எடுத்து நான் நனைந்த விரலோடு ஃப்ரீசரில் திருப்பி வைத்தவைதான் தயாராகிக்கொண்டிருந்த ஐஸ். முக்கால் மணி நேரம் அதற்காகக் காத்திருந்த மனிதரை நான் தேங்காய் வாங்குகிறவர் என்று கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மணி ஒன்றரை தாண்டியதும் பெட்டியைத் திறந்தோம். மருந்தாளுநர் ஒரு பேக்கை உருவி ஆட்டினார். உள்ளே தண்ணீர் தளும்பியது. அதற்குள் பெரிய ஐஸ் துண்டு ஒன்று சுவரில் கடக் கடக் என்று மோதியது. தாத்தா கையை நீட்டினார். வாங்கி, தானும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "இன்னும் பாதிக்கு மேல கட்டியாவே இருக்குதுய்யா" என்று ஆச்சரியப்பட்டு மருமகளிடம் காட்டினார்.

குப்பியை எடுத்தேன். உறை எதோடும் ஒட்டவில்லை. மருந்தை ஏற்றினேன், குழந்தையின் தொடையைத் துடைத்தேன், போட்டேன். ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டது. தாய் மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"அரை மணி நேரம் இங்கயே இருக்கணும், நானும் இருக்கேன். சாயங்காலம் காய்ச்சல் வரும். இந்தச் சொட்டு மருந்து இவ்வளவு கொடுக்கணும். ஊசி போட்ட எடம் வீங்கும், தேய்க்கக் கூடாது. காய்ச்சல் ரெண்டு நாளைக்கு மேல இருந்தாலோ, பால் குடிக்கலைன்னாலோ இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சொன்னதையே இன்னொரு தடவையும் சொன்னேன். "காய்ச்சல் நல்லாவே அடிக்கும்ணே" என்றேன்.

தாத்தா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வரட்டும்" என்றார். "அதான் சொல்லிட்டீகல்ல."